தாதுகர்ப்பத்தில் ஒரு பால்பல்

மெத்தையக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். முதலில் முறைத்தாள். பிறகு மியூசியம் முழுக்க அந்தப் பெயர் பரவி, சம்பளம் போடுகிறவர்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்ததும், "உன் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கவே மாட்டியாடி" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அதோடு விட்டுவிட்டாள். இப்போது அவள் வேலைக்கு வருவதில்லை. அவளுடைய மேஜைக்கு வேறு ஆள் போடுங்கள் என்று நானும் கேட்கவில்லை.

எங்கள் அறை மியூசியத்தின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கு அருகில். டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வருகிற யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். வேறு ஊர்க் கண்காட்சிக்குப் போகிற பொருள்களை அங்கேதான் பொதிந்து கட்டுவோம். ஒரு தச்சர் பெட்டி அடிப்பார். நான் துணியில் உறை தைப்பேன், பஞ்சடைத்த குட்டிக் குட்டிப் பைகள் தைப்பேன். அக்கா ஃபோம் வெட்டுவாள். சிலையோ சட்டியோ, அதன் முதுகும் இடுப்பும் எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே ஃபோமில் பள்ளம் எடுத்து, பொருளை அதில் படுக்க வைப்பாள். கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரிதான் இருக்கும். அதனால்தான் மெத்தை.

அளவுகோலை அவள் அதிகம் தேட மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பொருளை ஒரு தடவை தடவிப் பார்ப்பாள், அவ்வளவுதான். பெட்டியை மூடியபின் காதை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆட்டுவாள். உள்ளே துளி அசைந்தாலும் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடி முதலிலிருந்து. லாரிக்காரர் வெளியே நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். "உள்ள ஆடுதுப்பா. ஆடினா உடையும். உடைஞ்சா நீ ஒட்டிக் குடுப்பியா?" என்று அவரிடமே சண்டைக்குப் போவாள். அவள் கை பட்டுப் போனது எதுவும் விரிசல் விட்டு வந்ததில்லை. "கை வச்சா தெரிஞ்சிடும்டி எனக்கு" என்பாள். அந்தக் கையைத் தவிர அவளுக்கு இருந்த ஒரே பெருமை அவள் மகன்தான்.

ஒரே பிள்ளை. புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவனே அவளுக்கு எல்லாம். துரை என்றுதான் சொல்லுவாள். "எங்க துரைக்கு இன்னிக்கு முட்டை வேணுமாம்", "எங்க துரை கணக்குல சைபர் வாங்கியிருக்காரு, பேரு விளங்கிடும்" என்று காலையில் வந்ததும் அவன் புராணம் தொடங்கிவிடும். எனக்கும் இரண்டு இருக்கின்றன. அவற்றின் பேச்சை எடுக்க இடமே கிடைக்காது.

அந்தக் கல்பாத்திரம் எங்கள் மேஜைக்கு வந்தபோது துரை முதல் வகுப்பு. பெரிய மாதுளம்பழம் அளவு இருக்கும். வழவழவென்ற சாம்பல்நிறக் கல், குமிழ் வைத்த மூடி. எங்கோ ஒரு மண்மேட்டைத் தோண்டியபோது கிடைத்ததாம். மகான் ஒருவருடைய எலும்பையோ சாம்பலையோ உள்ளே வைத்து அந்தக் காலத்தில் புதைத்திருக்கிறார்கள். ஆனால் திருடர்கள் முந்திக்கொண்டார்கள். கிடைத்தபோது உள்ளே ஒன்றும் இல்லை.

எங்கள் அதிகாரி மேடத்துக்கு ஒரு பழக்கம். கையில் இருப்பது என்னவென்று தெரியாமல் பொதியக் கூடாது என்பார். தானே வந்து நின்று சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்கும் வந்தார்.

"இதுக்குப் பேரு தாதுகர்ப்பம். தாதுன்னா, ஒருத்தர் போனப்புறம் அவர் உடம்புல மிச்சமாகிறது. எலும்பு, பல்லு, சாம்பல், அந்த மாதிரி. கர்ப்பம்னா உங்களுக்கே தெரியும்."

"வயித்துல உண்டாகுமே, அந்தக் கர்ப்பமா மேடம்?" என்றேன்.

"அதேதான். கருப்பை. மிச்சத்தைச் சுமக்கிற வயிறு. மொதல்ல பாத்திரம் இருக்கிற அந்தச் சின்ன அறையைத்தான் இப்படிச் சொன்னாங்க. அப்புறம் அதுக்கு மேல கட்டின மேடு முழுசுக்கும் அதே பேரு ஒட்டிக்கிச்சு. ஜனங்க வாயில தேஞ்சு தேஞ்சு சில ஊர்ல தாகபம்னு ஆயிடுச்சு."

"செத்தவங்க எலும்பு வைக்கிற டப்பாவுக்குக் கர்ப்பமா? நல்லா வச்சாங்க பேரு!" என்று நான் சிரித்தேன். மேடமும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து உள்ளே இரண்டு விரலை விட்டுச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே இல்லையா மேடம்? காலியாவே போகுதா இது?"

"காலிதாம்மா" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

உள்ளே குழிவான எதையும் காலியாக அனுப்பக் கூடாது. லாரி குலுங்கும்போது மூடியும் விளிம்பும் முட்டிக்கொண்டு சில்லுப் பெயர்ந்துவிடும். உள்ளே பஞ்சுப்பை அடைத்து, மூடியை நாடாவால் கட்டித்தான் அனுப்புவோம். நான் உருண்டையாக ஒரு பை தைத்தேன். வாயை மூடித் தைக்கப் போகும்போது அக்கா "இரு" என்றாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு பல்லை எடுத்தாள். துரைக்கு அன்று காலையில் விழுந்த முதல் பல். எல்லோருக்கும் காட்டுவதற்காக எடுத்து வந்திருந்தாள்.

"ஐயே, என்னக்கா இது?"

"உள்ள வச்சுத் தை."

"மேடத்துக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"பக்கத்து வீட்டுப் பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுப்பியா நீ? ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தானே குடுப்பே? பாவம்டி, எத்தனை காலமா வெறும் வயிறா கெடக்குது. போயிட்டு வரட்டும். வந்ததும் எடுத்துக்கறேன்."

இவளுக்கு மண்டை கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டே தைத்தேன். பெற்ற பிள்ளையின் முதல் பல்லைப் போய் யாராவது இப்படிச் செய்வார்களா?

பாத்திரம் திரும்பி வரவே இல்லை. போன ஊரில் கண்காட்சி தொடங்கும் முன்பே அந்த மகானைக் கும்பிடுகிறவர்கள் திரண்டு வந்து, "இது எங்க சாமி. கண்ணாடிப் பெட்டியில வச்சு வேடிக்கை காட்ட இதென்ன பொம்மையா?" என்று கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. மேலிடத்தில் பேசி முடித்து, பாத்திரத்தை அவர்களிடமே ஒப்படைத்தார்கள். அவர்கள் புதிதாக ஒரு மேடு எழுப்பி, நட்டநடுவில் சின்ன அறை கட்டி, பாத்திரத்தை அதில் வைத்து, மேலே செங்கல் அடுக்கிப் பூசி மூடிவிட்டார்கள். ஒரு காலத்தில் தாது இருந்த பாத்திரம், அதனால் பாத்திரமே புனிதம், திறந்து பார்ப்பது பாவம் என்று நாங்கள் கட்டிய நாடாவைக்கூட அவிழ்க்கவில்லையாம். மேடம் கண் கலங்கச் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். ஜெனரேட்டர் பக்கம் ஓடிப்போய் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"எங்க துரை பல்ல ஊரே விழுந்து கும்பிடப் போகுதுடி!" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படிச் சிரித்திருக்கவே கூடாது நாங்கள்.

துரை வளர்ந்தான், வெல்டிங் படித்தான், வேறு ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். துணிமணி, செருப்பு, படுக்கை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அங்கேயே தொழிலாளர் விடுதிக்குப் போய்விட்டான். அவன் இருந்த அறையை அக்கா வெள்ளையடித்து வாடகைக்கு விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். திங்கட்கிழமை காலையில் அது முழுவதும் எனக்கு ஒப்பிக்கப்படும்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு மதியம் தீப்பிடித்தது. ஒட்டினாற்போல் இருந்த விடுதியும் சேர்ந்து எரிந்தது. பின்கதவு பூட்டியிருந்ததாம். யார் பூட்டினார்கள், எதற்குப் பூட்டினார்கள் என்று இன்னும் விசாரிக்கிறார்கள். விசாரித்துக் கிழித்தார்கள்! துரை உள்ளே வேலையில் இருந்ததைப் பார்த்த பையன்கள் இரண்டு பேர் பிழைத்திருந்தார்கள். அவர்கள் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடி சொன்னார்கள்.

அக்காவோடு நான்தான் போயிருந்தேன். உடல்கள் முகம் பார்த்துச் சொல்கிற நிலையில் இல்லை. உறவுக்காரர்களின் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஒப்படைப்போம் என்றார்கள். நர்ஸ் ஊசியோடு வந்தபோது அக்கா கையை நீட்டத் தயங்கினாள். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து நான்தான் கையைப் பிடித்து நீட்டிவிட்டேன்.

முடிவு வந்த அன்று ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்குப் பின்னால் ஓர் இளைஞன் இருந்தான். பலமுறை யோசித்துவிட்டுச் சொல்கிற மாதிரி சொன்னான்: "அம்மா, உங்க ரத்தம் இங்க இருக்கிற எந்த உடம்போடயும் ஒத்துப்போகலை."

"அப்போ அவன் தப்பிச்சுட்டானா சார்!" என்று நான் கத்திவிட்டேன். எனக்கு எந்தக் காலத்தில் வாய் சும்மா இருந்தது? "அக்கா, கேட்டியா? நம்ம துரை இல்ல இதுல! எங்கயாவது ஆஸ்பத்திரியில கெடப்பான், வாக்கா தேடுவோம்!"

அக்கா அசையவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த இளைஞனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஒத்துப்போகாதுப்பா. நான் அவனைப் பெக்கல."

ஒட்டி நின்ற எனக்கும் அது கேட்டுவிட்டது. பிறந்து தொப்புள்கூட விழாத குழந்தையாக ஓர் அநாதை இல்லத்திலிருந்து வாங்கினார்களாம். அந்த இல்லமும் மூடிப் பல காலமாகிவிட்டது. பெற்றவள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. துரைக்கே அவள் சொன்னதில்லை. இத்தனை காலம் ஒரே அறை, ஒரே டிபன் டப்பா, எனக்கும் சொன்னதில்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னிடம்கூடவா என்று கேட்க வாயெடுத்தேன். ஜன்னல் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்த அவள் விரல்களைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அன்றைக்கு அந்தக் கல்பாத்திரத்துக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டு "காலியாவே போகுதா இது" என்று கேட்டாளே, அது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாத்திரத்துக்காக மட்டும் கேட்கவில்லை அவள்.

இளைஞன் நல்ல பிள்ளை. எழுந்து வெளியே வந்து எங்கள் பக்கத்தில் நின்றான். "வேற வழி இருக்கும்மா. அவர் உடம்புல இருந்து வந்தது ஏதாவது கெடைச்சா போதும். துவைக்காத சட்டை, பழைய சீப்பு... சில வீட்டுல பால்பல்லு எடுத்து வச்சிருப்பாங்க. அது கூடப் போதும். ஆனா சனிக்கிழமைக்குள்ள கொண்டாந்துடுங்க. அடையாளம் தெரியாததையெல்லாம் அன்னிக்குச் சேத்து அடக்கம் பண்ணப் போறாங்க."

பால்பல் என்றதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடினோம். என்னத்தைத் தேட? தூசி ஒட்டாமல் துடைத்துப் பொதிந்தே வயிறு வளர்த்தவள் அவள். சீப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் போட்டு எடுக்கிறவள். அவன் விட்டுப்போன நாலு சட்டையையும் துவைத்து, இஸ்திரி போட்டு, தானமாகக் கொடுத்திருந்தாள். தலையணை உறையை மூன்று தடவை உதறினோம், அலமாரியை நகர்த்திப் பார்த்தோம், வாடகைக்கு இருந்தவரை எழுப்பிவிட்டு அந்த அறையின் மூலைகளில் தவழ்ந்தோம். ஒரு முடி இல்லை. பல் டாக்டரிடம் ஒரு தடவையாவது போயிருந்தால் எக்ஸ்ரே படமாவது இருந்திருக்கும். அதுவும் கிடையாது, அவ்வளவு நல்ல பல் அவனுக்கு. மற்ற பால்பற்கள் விளையாடுகிற இடத்தில் விழுந்தன, ஒன்றை விழுங்கியே விட்டான்.

"மொதப் பல்ல மட்டும்தான்டி பத்திரமா வச்சேன்" என்றாள் தரையில் உட்கார்ந்துகொண்டு. "எங்க வச்சேன் பாரு!"

மேடத்துக்குப் போன் போட்டோம். ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருந்தார். நடந்ததைச் சொன்னோம். தன்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை, நேரே அங்கேயே போய்க் கேளுங்கள் என்று அழுதுகொண்டே சொன்னார். மறுநாள் பஸ் ஏறினோம்.

மேடு வெள்ளைவெளேரென்று, கவிழ்த்த கிண்ணம் மாதிரி நின்றது. சுற்றி வருகிறவர்கள் சுவரில் நெற்றியை வைத்து எடுத்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். நிர்வாகி எங்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"நான் உங்களை நம்பறேம்மா. இந்த மாதிரி ஒண்ணை யாரும் கற்பனை பண்ணிச் சொல்ல மாட்டாங்க. ஆனா இதுக்குக் கதவு கெடையாது. திறக்கணும்னா மேல இருந்து இடிக்கணும். இடிக்க எனக்கு அதிகாரம் இல்ல, யாருக்குமே இல்ல. உள்ள வச்சா வச்சதுதான். தாதுகர்ப்பம்மா அது."

"தெரியும் சார், கர்ப்பம்" என்றாள் அக்கா. "கர்ப்பம்னா ஒரு நாள் வெளிய விடணும்ல? உள்ள போனது உள்ளயே கெடக்கிறதுக்குப் பேரா கர்ப்பம்? சுமக்கத் தெரியாத எனக்கே இது தெரியுது."

எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்து வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "யாரைக் கும்பிடுறீங்க? உள்ள இருக்கிறது எங்க பையனோட பல்லுங்க! அவனைப் புதைக்கப் போறாங்க, யாராவது ஒரு கடப்பாரை எடுங்க!" என்று கத்தினேன். ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு ஒதுங்கினாள். காவலாளி வந்தார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"விடுடி. அவங்க என்ன பண்ணுவாங்க? அவங்களும் ஏதோ கஷ்டத்துலதான் வந்திருக்காங்க."

சனிக்கிழமை அடக்கம். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். நீளமாக ஒரே பள்ளம், ஓரத்தில் பலகைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். அக்கா வீட்டிலிருந்தே ஒரு பெரிய பையைத் தூக்கி வந்திருந்தாள், என்னவென்று நான் கேட்கவில்லை. நாலு ஆள் முதல் பெட்டியைத் தூக்கினார்கள். உள்ளே ஏதோ ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்ந்து இடிக்கும் சத்தம் கேட்டது.

"நிறுத்துங்க!" என்று அக்கா கத்தினாள். அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருப்பது எனக்கே தெரியாது. "உள்ள ஆடுது! இப்படியா ஒருத்தன அனுப்புவீங்க? இறக்குங்க கீழ!"

ஆட்கள் பயந்துபோய் இறக்கினார்கள். அடக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி வேகமாக வந்தார். "இதுல உங்க பையன் எதும்மா?" என்று கேட்டார்.

"தெரியலையே. அதனாலதான் எல்லாத்தையும் திறக்கச் சொல்றேன்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் பையைப் பிரித்து ஃபோமையும் கத்தியையும் நான் தைத்த பஞ்சுப்பைகளையும் எடுத்து மண்ணில் பரப்பியதைப் பார்த்துவிட்டு, ஆட்களிடம் ஆணியைப் பிடுங்கச் சொன்னார்.

வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். அக்கா ஒவ்வொரு பெட்டி பக்கத்திலும் மண்டி போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினாள். மெத்தை வெட்டத்தான் அளவு பார்க்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். இதில் தெரியட்டும், கடவுளே, அடுத்ததிலாவது தெரியட்டும் என்று பஞ்சுப்பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வேண்டினேன். அவள் கண்ணைத் திறப்பாள், ஃபோம் வெட்டி இரண்டு பக்கமும் செருகுவாள், அடுத்த பெட்டிக்கு நகர்வாள். கடைசிப் பெட்டியும் முடிந்தபின் எழுந்து மறுபடி முதல் பெட்டிக்கே போனாள். "நேரமாகுதும்மா" என்று அதிகாரி சொன்னார். மூடி அடித்தபின் ஒவ்வொன்றிலும் காதை வைத்து ஆட்டிப் பார்த்தாள். எதுவும் ஆடவில்லை. இறக்கி மண்ணைத் தள்ளினார்கள்.

பொட்டலின் ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. நான் திருகிப் பிடித்துக்கொள்ள, அவள் கையை நனைத்தாள். கழுவவில்லை, நீட்டிக்கொண்டே நின்றாள்.

"தெரியலடி" என்றாள். "ஒண்ணுலயும் தெரியல. சட்டிபானையெல்லாம் தெரிஞ்ச கைக்கு எம் புள்ளையத் தெரியல."

"அக்கா..."

"நீ ரெண்டு பெத்தவ. நீ சொல்லு. பெத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

இல்லக்கா, யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரிஞ்சிருக்காது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வாய்க்குப் பேர்போன நான் அந்த நேரம் பார்த்துக் குழாயைப் பிடித்தபடி, ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பேசாமல் நின்றதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சிருக்கும்ல" என்று சொல்லிவிட்டு, குழாயை மூடி, பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.